ஜான்சியின் குரலுக்கு எந்தக் கம்பி?

"அராவாண்டாம், மீனா" என்றாள் ஜான்சி.

எங்கள் சாப்பாட்டு மேஜைமேல் என் பேஸ் கிட்டார் மல்லாந்து கிடந்தது. கழுத்துக்கு முட்டுக்கொடுக்க ஒரு தலையணை. பழைய கம்பிகள் நாலையும் கழற்றிச் சுருட்டிப் பக்கத்தில் வைத்திருந்தேன். கையில் பென்சில் பருமனில் ஓர் உருட்டு அரம். எதிரே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தவள், டம்ளரை வைத்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். விளையாட்டுப் பிடி இல்லை.

அன்று நவராத்திரி அஷ்டமி. ஆபீசுக்கு மட்டம் போட்டிருந்தேன். ஸ்ரீவராகத்தில் எங்கள் தெரு முழுவதும் கடலைச் சுண்டல் வேகும் வாசனை. மழை வரும்போல ஒரே புழுக்கம்.

"லேசாத்தான்டி அராவப் போறேன். புதுக் கம்பி தடி. பழைய பள்ளத்துல உக்கார மாட்டேங்கறது" என்றேன்.

"அராவினா பின்ன பழைய கம்பி அதுல நிக்குமா?"

"நிக்கும். ஆனா ஆடும். கிர்ருனு சத்தம் கேக்கும்."

"அப்பம் வேண்டாம். எனக்க தொண்ட சரியாயிரும், கேட்டியா. டாக்டரு ஒரு வருஷம் பாக்கச் சொன்னாரு. அதுக்குள்ள நீ எதுக்கு வந்த வழிய அடைக்கணும்?"

அவள் என் கண்ணைப் பார்க்கவில்லை. கிட்டார் கழுத்தின் மேல்முனையில் இருக்கும் அந்த வெள்ளைப் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பிகள் ஏறி உட்கார்வதற்காக அதில் நாலு பள்ளங்கள் உண்டு. ஒரு சுண்டுவிரல் நீளம்கூட இராது. எங்கள் தொழிலில் அதை ‘நட்’ என்போம். இத்தனை வருஷமாக வாசிக்கிறேன், அதை யாரும் அப்படி உற்றுப் பார்த்து நான் கண்டதில்லை.

இருந்தால் தெரியாது

வீணையைக் கைவிட்டு பேஸ் கிட்டாருக்குத் தாவிய கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். படித்த ஓர் அம்மையார், ‘சாதாக் கிட்டாருக்கும் இதற்கும் என்னதான் வித்தியாசம்? எனக்கு அது கேட்பதே இல்லையே’ என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. என் கணவர் கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்தும் அதைத்தான் கேட்கிறார்.

சாதாக் கிட்டாரில் ஆறு கம்பி, பேஸில் நாலு. கம்பிகள் நீளம், தடிமன். வரும் ஸ்வரங்களெல்லாம் அடிமட்டத்தில். கல்யாண ரிசப்ஷனில் பாட்டு நடக்கும்போது நெஞ்சுக்கூட்டுக்குள் ஏதோ மெல்ல அதிர்கிறதே, அதுதான் நான். சாம்பாரில் பெருங்காயம் இருந்தால் யாரும் பாராட்டுவதில்லை. போட மறந்த அன்றைக்கு ஊரே கேட்கும். அதுதான் என் உத்தியோகம்.

உண்மையில் உத்தியோகம் வேறு. கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில், மற்றவர்கள் எழுதும் சாஃப்ட்வேரில் பிழை கண்டுபிடிக்கிறேன். அந்த வேலை ஒரு புத்தியைக் கொடுத்திருக்கிறது. எது கெட்டாலும் ‘ஐயோ’ என்று முதலில் தோன்றாது. ‘ஏன்?’ என்றுதான் தோன்றும். வீட்டில் மிக்சி நின்றுபோனாலும் அப்படித்தான். இதனால் எனக்கு மனிதாபிமானம் குறைவு என்று மாமியார் ஊரிலிருந்து வரும்போதெல்லாம் சொல்வார்.

ஜான்சி

ஜான்சியின் குடும்பம் குமரிக் கடற்கரையிலிருந்து விழிஞ்ஞத்துக்கு வந்து குடியேறியது. அப்பா வலைக்காரர். இப்போது துறைமுக வேலை எடுத்திருக்கும் ஒரு கம்பெனியின் அலுவலகத்தில் இருக்கிறாள். அதற்கு முன் கழக்கூட்டத்தில் என் பக்கத்து நாற்காலி. ஆபீஸ் ஓணக் கொண்டாட்டத்துக்குப் பாட ஆளில்லை என்று அவளை மேடைக்குத் தள்ளிவிட்டதே நான்தான். அதிலிருந்து பிறந்ததுதான் எங்கள் பேண்ட். கிட்டார் ரெஜி, ஒரு கீபோர்டு, ஒரு டிரம்ஸ், நான். எல்லோருக்கும் முன்னால் ஜான்சி.

அவள் குரல் மேலே ஏறும். சும்மா ஏறாது, ஏறிப் போய் அங்கே உட்கார்ந்துகொள்ளும். ரிசப்ஷனில் பிரியாணிக்கு வரிசையில் நிற்கிறவர்கள் தட்டோடு திரும்பிப் பார்ப்பார்கள். அந்த ஒரு இடத்துக்காகவே எங்களைக் கூப்பிட்டவர்கள் உண்டு.

இந்த வருஷம் மழை ஆரம்பிக்கும் சமயத்தில் அவளுக்குத் தைராய்டு ஆபரேஷன் ஆயிற்று. உயிருக்கு ஒன்றுமில்லை, எல்லாம் நல்லபடியாக முடிந்தது. குரல் நாணுக்குப் போகும் நரம்பு ஒன்று சோர்ந்திருக்கிறது, தானாகத் தேறலாம், தேறாமலும் போகலாம் என்றார் டாக்டர். பேசும்போது வித்தியாசமே தெரியாது. பாடும்போது மட்டும் மேலே போகும் வழியில் ஓரிடத்தில் காற்றுதான் வந்தது.

"ரெண்டு ஃப்ரெட் இறக்கினா போதும். பாடிருவேன்" என்றாள்.

கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கோடுகள்தான் ஃப்ரெட். ஒரு கோடு நகர்ந்தால் சுருதியில் அரைப் படி. இரண்டு என்றால் ஒரு முழுப் படி.

ரெஜிக்கு இதில் விருப்பமில்லை. அவன் நல்ல பையன், ஆனால் ஒரிஜினல் ஸ்கேல் பைத்தியம். சினிமாவில் பாட்டு எந்தச் சுருதியில் இருக்கிறதோ அதே சுருதியில் வாசிக்காவிட்டால் கூட்டம் கண்டுபிடித்துவிடும் என்பது அவன் கட்சி. ஐ.டி. பார்க் மைதானத்தில் பூஜை விடுமுறைக்கு அடுத்த வாரம் எங்களுக்கு ஒரு பெரிய நிகழ்ச்சி இருந்தது. அதற்கு இன்னொரு பாடகியிடம் தேதியைக் காலியாக வைத்துக்கொள்ளும்படி சொல்லியிருக்கிறான். இதை அவன் ஜான்சியிடம் மறைக்கவில்லை, அவள் எதிரிலேயே சொன்னான். ஒளிக்காமல் சொன்னானே என்று அவனைப் பாராட்டுவதா, இரண்டு அறை வைப்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

கொடிக்கயிறு

இறக்கி வாசிப்பது எனக்குப் பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. அக்ரகாரத்தில் வளர்ந்த யாருக்கும் தோன்றாது. எங்கள் வீடுகளில் சுருதி என்பது பாடுகிறவரின் சொத்து. பாடகர் ஒரு கட்டை என்றால் தம்புரா ஒரு கட்டைக்கு வரும். பாடகி ஆறு கட்டை என்றால் ஆறுக்குப் போகும். கம்பியை முறுக்கும் பிருடையைத் திருப்பினால் ஆயிற்று. யாரும் யாரையும் ‘ஏன் இறங்கினாய்?’ என்று கேட்பதில்லை.

அந்தத் தைரியத்தில் நானும் பிருடையைத் திருப்பினேன். நாலு கம்பியையும் இரண்டு ஃப்ரெட் அளவு தளர்த்திவிட்டு ரிகர்சலுக்குப் போய் நின்றேன். கீபோர்டுக்காரர் ஒரு பொத்தானை அழுத்தினார், அவர் வேலை முடிந்தது. நான் முதல் ஸ்வரத்தைத் தொட்டதும் ‘டும்’ என்பதற்குப் பதிலாக ‘ப்ளட்’ என்றது. தடிக் கம்பி தொளதொளவென்று ஆடி ஃப்ரெட்டுகளில் போய் மோதிற்று. துணி காயப்போடும் கொடி தளர்ந்தால் ஈர வேஷ்டி தரையைப் பெருக்குமே, அந்த மாதிரி. கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் ஸ்வரம் மேலே வழுக்கிக்கொண்டு போயிற்று.

நான் சறுக்கியதில் ஜான்சியும் சறுக்கினாள். பாதிப் பாட்டில் நிறுத்திவிட்டு, "எனக்க தொண்டதான்" என்றாள். என் கம்பி என்று நான் சொன்னதை அவள் நம்பவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததிலிருந்து எனக்கு அந்த ‘ஏன்?’ பிடித்துக்கொண்டது. ஒரு கம்பியின் ஸ்வரம் மூன்று சங்கதிகளால் ஆகிறது. நீளம், இழுப்பு, கனம். நீளம் கிட்டாரின் அளவு, அதை மாற்ற முடியாது. இழுப்பைக் குறைத்தால் கொடிக்கயிறு. மிச்சம் இருப்பது கனம்தான். கீழே போக வேண்டுமானால் கம்பி தடிக்க வேண்டும். தடித்தால் இழுப்பைக் குறைக்காமலே ஸ்வரம் இறங்கும்.

வீணையில் நாலாவது கம்பி ஏன் அத்தனை பருமன் என்று சின்ன வயதில் நான் ஒருநாளும் கேட்டதில்லை. விரல் வலிக்கிறது என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.

என் கணவர் ஒரு சந்தேகம் கிளப்பினார். "கம்பி எதுக்கு? கையை ரெண்டு கோடு தள்ளி வெச்சு வாசிச்சா இறங்கிடாதோ?"

அவர் கேட்கும் கேள்விகளில் பத்தில் ஒன்று இப்படி நறுக்கென்று அமையும். இறங்கும், கடைசிப் படி வரைக்கும். என் கிட்டாரின் ஆகக் கீழான ஸ்வரத்தையே எங்கள் பாட்டுகள் பாதி நேரம் தொட்டுக்கொண்டிருக்கின்றன. அதற்கும் கீழே போ என்றால் அங்கே படியே இல்லை. வேறு வழியில்லாமல் மேல் ஸ்தாயிக்குத் தாவ வேண்டும். தாவினால் பெருங்காயம் போடாத சாம்பார்.

எனவே தடிக் கம்பி. இதில் ஒரு சிக்கல். எந்தத் தடிமன் என்பது எவ்வளவு இறங்கப் போகிறோம் என்பதைப் பொறுத்தது. இரண்டு ஃப்ரெட்டுக்கு ஒரு செட். ஐந்து ஃப்ரெட்டுக்கு முற்றிலும் வேறு செட். முதலாவதை ஐந்துக்கு இறக்கினால் மறுபடி கொடிக்கயிறு. இரண்டாவதை இரண்டோடு நிறுத்தினால் கழுத்து வில்லாக வளையும். சும்மா ஒரு குத்துமதிப்பில் வாங்க முடியாது.

"நிச்சயமா ரெண்டுதானே?" என்று அவளிடம் பலமுறை கேட்டேன். ரெண்டுதான் என்றாள். ஒருமுறை கோபமாகவே சொன்னாள்.

இரண்டு ஃப்ரெட்டுக்கான செட் கூரியரில் வந்தது. அஷ்டமி மத்தியானம் அதைப் பிரித்தபோதுதான் அவளும் வந்தாள். அரத்தை எடுத்தேன். பிறகு நடந்ததை ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன்.

பூஜையில் மொட்டைக் கிட்டார்

அரத்தைக் கீழே வைத்தேன். அவளுக்காக மட்டும் இல்லை. சாயந்திரம் பூஜை வைக்க வேண்டும்.

இந்த ஊரில் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. அஷ்டமி சாயந்திரம் புஸ்தகம், பேனா, வாத்தியம், ஆயுதம் எல்லாவற்றையும் சரஸ்வதிக்கு முன்னால் வைத்துவிட்டால் விஜயதசமி காலையில் எடுக்கும்வரை யாரும் தொடக் கூடாது. குழந்தைகளுக்கு ஆனந்தம், படிக்க வேண்டாம். லேப்டாப்பை நானும் வருஷா வருஷம் வைத்துப் பார்க்கிறேன், மானேஜர் போனில் கூப்பிட்டுவிடுகிறார்.

கம்பியே இல்லாத கிட்டாரைப் பூஜையில் வைக்கலாமா என்று கணவர் கேட்டார். சரஸ்வதிக்குத் தெரியாதா என்ன, வேலை பாதியில் நிற்கிறது என்று. மஞ்சள் பட்டுத் துணியைப் போர்த்திக் கொலுப்படிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தேன். சந்தனம் வைத்தேன். மொட்டையாக நின்றது, பாவம்.

எங்கள் வீட்டில் சுருதிப்பெட்டிக்கு மட்டும் பூஜையிலிருந்து விலக்கு உண்டு. இப்போதைய எலெக்ட்ரானிக் பெட்டிதான், டிபன் டப்பா அளவில். அதையும் வைத்துவிட்டால் கொலுவுக்கு வருகிறவர்கள் எதை வைத்துக்கொண்டு பாடுவது?

"என்ன சுருதி வைக்கட்டும்?"

நவமி சாயந்திரம் ஜான்சி வந்தாள். ஒவ்வொரு வருஷமும் வருவாள். சுண்டல் அவளுக்கு உயிர். வருஷா வருஷம் பாடுவாள், ஆறு கட்டையில். இந்தத் தடவை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "பாடச் சொல்லிராத, மீனா. தின்னுட்டுப் போயிருதேன்" என்று முணுமுணுத்தாள்.

சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் கூடம் நிறையப் பெண்டுகள். ஒருவர் பாடி முடித்ததும் நான் சுருதிப்பெட்டியை நகர்த்தி அடுத்தவர் மடியருகில் வைத்து, "என்ன சுருதி வைக்கட்டும்?" என்று கேட்பேன். சாயந்திரம் முழுக்க என் வாய் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. பக்கத்தாத்து மாமி நாலு கட்டையில், தொண்டையில் கரகரப்போடு, தாளம் தவறாமல் பாடி முடித்தார். பாராட்டிவிட்டுப் பெட்டியைத் தூக்கினேன். அடுத்த மடி ஜான்சியுடையது.

"என்ன சுருதி வைக்கட்டும்?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். கூடமே அவளைப் பார்த்தது. வற்புறுத்தலாக ஒன்றுமில்லை, முறை வந்தவரைப் பார்க்கிற பார்வை.

ஜான்சி கையை நீட்டிப் பெட்டியின் திருகைத் தானே பிடித்தாள். போன வருஷத்து ஆறை ஒருமுறை தொட்டாள். பிறகு இறக்கினாள். ஐந்து வந்தது. இங்கேதான் நிற்க வேண்டும், அவள் சொன்ன இரண்டு ஃப்ரெட் இதுதான். நிற்கவில்லை. நாலும் தாண்டிற்று. மூன்றில் கையை எடுத்தாள். ஆண்கள் பாடுகிற இடத்துக்கு மிக அருகில். தம்புரா ஒலி அடிவயிற்றிலிருந்து வருவதுபோல் கூடத்தில் நின்றது.

நான் சுற்றிலும் பார்த்தேன். யாரும் எதையும் கவனித்ததாகவே தெரியவில்லை. ஒருத்தி குழந்தையின் மூக்கைத் துடைத்தாள். மாமி விசிறிக்கொண்டிருந்தார். அவர்களைப் பொறுத்தவரை ஒருத்தி தன் சுருதியை வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

கடற்கரையில் பிள்ளைகளுக்குப் பாடும் ஒரு தாலாட்டைப் பாடினாள். நான் கேட்டிருக்கிறேன், ஆனால் இப்படிக் கேட்டதில்லை. மேலே போய் உட்காரும் அந்தக் குரல் இல்லை. வேறொரு குரல் தரையோடு தரையாக நடந்துவந்தது. ஓரங்களில் சற்றே சொரசொரப்பு. எந்த இடத்திலும் காற்று வரவில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அதே சமயம் என் தொழில் புத்தி மூலையில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்ததையும் மறைப்பானேன். ஆறிலிருந்து ஐந்துக்கு இரண்டு, நாலுக்கு இன்னும் இரண்டு, மூன்றுக்கு ஒன்று. ஐந்து ஃப்ரெட். நான் வாங்கியது தப்பான செட்.

"பேஷா இருக்கு. குரல் அடியில கெட்டியா நிக்கறது. இன்னொண்ணு பாடேன்டி கொழந்தே" என்றார் மாமி.

இன்னொன்றும் பாடினாள்.

எல்லோரும் போன பிறகு சமையலறையில் சுண்டல் பாத்திரத்தோடு நின்றுகொண்டு சொன்னாள். "ரெண்டு இல்ல, மீனா. அஞ்சு. ஆபரேஷன் முடிஞ்சு கொஞ்ச நாள்லயே எனக்குத் தெரியும்."

"ஏன்டி சொல்லல?"

"அஞ்சுன்னா அது ஆம்பிள ஸ்கேலுல்லா. ரெஜி அந்த நிமிஷமே வேற ஆளக் கூப்புடுவான். பின்ன..." கடலையை ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டாள். "ஒனக்கு ஒரு கம்பி. வாங்கி மாட்டிருவ. எனக்கு அது அப்படி இல்லியே. அஞ்சுன்னு வாயால சொன்னா, பழைய தொண்ட செத்துப்போச்சுன்னு நானே சொன்ன மாதிரி."

எனக்கு வருத்தமும் கோபமும் சேர்ந்து வந்தன. அவள் மேல் அல்ல. எங்கள் வீட்டுக் கூடத்தில் கேள்வியே இல்லாத ஒன்று, ஒரு பஸ் தூரத்தில் இருக்கும் ரிகர்சல் மாடியில் இவ்வளவு பெரிய அவமானமாக இருக்கிறதே என்று. அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. கட்டிக்கொண்டேன். பாத்திரம் இடித்தது.

"நாளைக்கு அராவலாமா?" என்று கேட்டேன்.

"அராவு" என்றாள்.

ஐந்தில் ஒன்று வேண்டாம்

விஜயதசமி காலை பூஜையை எடுத்ததும் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனேன். அன்றைக்கு இங்கே வாத்தியக் கடைகள் கட்டாயம் திறந்திருக்கும். பிள்ளைகளுக்குப் புதிதாக வயலினும் கீபோர்டும் வாங்க வருகிற கூட்டம் தெருவரை நிற்கும்.

ஐந்து ஃப்ரெட் இறங்குவதற்கு ஒரு குறுக்குவழி இருப்பதைப் படித்து வைத்திருந்தேன். ஐந்து கம்பி பேஸ் என்று ஒரு ரகம் உண்டு. அதற்கான செட்டை வாங்கி, ஆக மெல்லிய கம்பியை ஒதுக்கிவிட்டால், மிச்ச நாலும் சரியாக நான் தேடும் சுருதியில் நிற்கும். அந்த நாலில் தடித்தவன் என் பழைய தடிக் கம்பியைவிடத் தடி. கையில் எடுத்தால் சைக்கிள் பிரேக் கேபிள்.

பதினோரு மணிக்கு ஜான்சி வந்தாள். மறுபடி மேஜை, தலையணை, உருட்டு அரம். இந்தத் தடவை அவள் மொபைல் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டாள்.

பள்ளத்தை அகலப்படுத்தலாம், ஆழப்படுத்தக் கூடாது. ஆழமானால் கம்பி தாழ்ந்து முதல் ஃப்ரெட்டில் உரசும். கடைசிக்கட்ட வேலைக்கு, பழைய கம்பித் துண்டில் உப்புத்தாளைச் சுற்றி முன்னும் பின்னும் இழுத்தேன். வெள்ளைத் தூள் மேஜைமேல் விழுந்தது. பள்ளத்தில் பென்சில் கரியைத் தடவினேன், கம்பி வழுக்கிப் போவதற்கு. ஜான்சி தூளைப் புறங்கையால் ஒதுக்கிக்கொண்டே இருந்தாள்.

தடிக் கம்பியின் நுனியை வெட்டுமுன் முதலில் வளைத்துக்கொள்ள வேண்டும். வளைக்காமல் வெட்டினால் மேல்சுற்று பிரிந்து கம்பியே வீண். இதைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மாட்டியதோடு முடியவில்லை. கழுத்துக்குள் ஓர் இரும்புத் தண்டு ஓடுகிறது. கம்பிகள் முன்னால் இழுக்க, அது பின்னால் இழுத்துப் பிடிக்கும். புது இழுப்புக்கு ஏற்ப அதைக் கால் திருகு திருக வேண்டும். பிறகு அடிப்பக்கத்தில் கம்பி உட்காரும் குதிரையை நகர்த்த வேண்டும். இதில்தான் வீணை வீட்டுப் புத்தி என்னை ஏமாற்றப் பார்த்தது. விரல் வைக்காமல் மீட்டினால் சுருதி கச்சிதம், ஆகவே எல்லாம் சரி என்று எழுந்துவிட்டேன். ஜான்சி நகரவில்லை.

"நடுவுல அமுக்கி அடி" என்றாள்.

பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அமுக்கி மீட்டினேன்.

"கூடிப்போச்சு. ஒரு தலமுடி அளவு."

சுருதி சோதிக்கும் கருவியைப் பார்த்தேன். கூடித்தான் இருந்தது. தடிக் கம்பியை அழுத்தினால் ஸ்வரம் கொஞ்சம் ஏறும், அதற்குக் குதிரையைப் பின்தள்ள வேண்டும். தள்ளினேன். மறுபடி கேட்டாள். மறுபடி தள்ளினேன். அவள் தலையாட்டுகிறவரைக்கும் தள்ளினேன். தொண்டைதான் சோர்ந்திருந்தது, காது முன்னைவிடக் கூராகியிருந்தது.

கழக்கூட்டத்து மாடி

மறுநாள் சாயந்திரம் ரிகர்சல். கழக்கூட்டத்தில் ரெஜியின் வாடகை ஃப்ளாட்டின் மொட்டை மாடியில் தகரக் கொட்டகை. கீழே ஹைவே. லாரி போனால் டிரம்ஸ் தானே முணங்கும்.

ஐந்து ஃப்ரெட் என்று நான் சொன்னதும் ரெஜி கிட்டாரிலிருந்து கையை எடுத்தான்.

"சேச்சி, அது ஆணுங்களுடெ ஸ்கேலல்லே? ஆளுகள் எந்து பறயும்?"

"ஜனங்க என்ன சொல்லுவாங்கறதை விடு. நீ கேட்டுட்டுச் சொல்லு" என்றேன்.

கீபோர்டுக்காரர் பொத்தானை அழுத்தினார். ரெஜி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தன் கார்டுகளை, அதாவது சேர்த்து மீட்டும் ஸ்வரங்களை, மாற்றி யோசித்தான். நான் ஆகக் கீழ்க் கம்பியை ஒருமுறை மீட்டினேன்.

அதைக் கேட்டது என்று சொல்ல முடியாது. ஆம்ப்ளிஃபயர் மேல் யாரோ வைத்திருந்த ஹெல்மெட் நகர்ந்தது. தரை உள்ளங்காலைத் தட்டிற்று. ஜான்சி குனிந்து தரையைப் பார்த்தாள். செருப்பை உதறிவிட்டு, மைக்கோடு என் பக்கமாக வந்து வெறுங்காலில் நின்றாள்.

மேலே போய் உட்காரும் அந்த இடம் இருக்கிற பாட்டையே அவள் எடுத்தாள். நான் பயந்தேன். அந்த இடம் வந்தது. அவள் ஏறவில்லை. அங்கே போக வேண்டிய வரியைக் கீழே வைத்தே, அவசரப்படாமல், நெஞ்சிலிருந்து பாடினாள். என் கம்பியும் அவள் குரலும் ஒரே மரத்தில் அறைந்த இரண்டு ஆணிகள்போல் பக்கத்தில் பக்கத்தில் இறங்கின. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பிழை வந்துவிடுமே என்று ஃப்ரெட்டுகளையே பார்த்து வாசித்தேன்.

பாட்டு முடிந்தது. ரெஜி ஒரு கார்டைத் தப்பாக வாசித்திருந்தான், அவனுக்கே தெரியும். விரல்களைச் சரிசெய்துகொண்டான்.

"ஒந்நு கூடி" என்றான். இன்னொரு தடவை என்று அர்த்தம். அந்தப் பாட்டை அன்று இருட்டும்வரை வாசித்தோம். நடுவில் அவன் மாடிப்படியில் நின்று யாருக்கோ போன் செய்து, தேதி வேண்டாம் என்று சொல்வது காதில் விழுந்தது.

இறங்கி வந்து ஹைவே ஓரத் தட்டுக்கடையில் நானும் ஜான்சியும் சாயா குடித்தோம். அவளுக்குத் தொண்டை வலிக்கவில்லை என்றாள். அதைக் கேட்டதும் எனக்குத் தெம்பு வந்துவிட்டது. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

"ஒண்ணு சொல்லட்டுமா? அந்த நட்டு ஒண்ணும் பெரிய விஷயமில்லடி. புதுசு கெடைக்கும். ஒட்டிட்டு மெல்லிசுக் கம்பியைப் போட்டா பழையபடி ஆயிடும். உன் குரல் மேல ஏறின அன்னிக்குச் சொல்லு, அரை மணியில மாத்திடறேன்."

அவள் சாயாவை ஆற்றிக் குடித்து முடித்தாள். டம்ளரைக் கடைப் பலகையில் வைத்தாள்.

"இந்தக் கம்பியே கெடக்கட்டும். ஏறினா நான் ஒனக்குச் சொல்ல மாட்டேன்" என்றாள்.